நினைவேட்டுக்கு வண்ணத்தாள்

நெடுநாள் அலுமாரியிற் கிடந்த படத் தொகுப்பேடு ஒன்றைத் தாயொருத்தி எடுத்து விரிக்கிறாள். அருகில் மகள் அமர்ந்திருக்கிறாள். முதற் பக்கத்தில் ஒரு திருமணப் படம். அதனைச் சுற்றிச் சிவப்புக் கடதாசியிற் கத்தரித்த பூக்கொடியொன்றை யாரோ ஒருவர் மிகுந்த பொறுமையோடு ஒட்டியிருக்கிறார். ஆனால், எந்த மாரிகாலத்து ஈரத்திலோ அந்தச் சிவப்புக் கசிந்து மணமகளின் முகத்தருகே கறையாகப் படிந்துவிட்டது. படத்தின் பின்புறம் தடவிய பசை பழுத்து முன்புறத்திலும் மஞ்சளாகத் தெரிகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் எதிரெதிரே ஒட்டப்பட்ட இரண்டு படங்கள் முகத்தோடு முகம் பற்றிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் முதியவர் ஒருவர் கைத்தடியுடன் நிற்கிறார். "இவர் யார், அம்மா?" என்று மகள் கேட்கிறாள். தாய்க்கும் தெரியவில்லை.

இத்தகைய காட்சி பல வீடுகளிற் காணக்கூடியதே. படத்தை அழகு செய்ய வேண்டும் என்ற ஆசையுடன் அந்தப் பூக்கொடி ஒட்டப்பட்டது. அந்த ஆசையிற் குற்றமில்லை. ஆனால் எந்தக் கடதாசி, எந்த நிறம், எந்தப் பசை என்ற மூன்றையும் எண்ணிப் பாராமையால் அலங்காரமே படத்திற்கு வினையாயிற்று. ஆகவே, நினைவேட்டுக்கு வண்ணத்தாள் செய்யும் எளிய முறைகளைக் கற்போர், அந்த வண்ணத்தாள் நினைவை உண்ணாமற் காக்கும் வழியையும் உடன் கற்றல் வேண்டும்.

நினைவேடு என்பது புகைப்படங்களையும், கடிதங்களையும், அழைப்பிதழ்களையும், பத்திரிகைத் துண்டுகளையும் தாளில் ஒட்டி, அவற்றைச் சுற்றி அலங்காரமும் குறிப்பும் சேர்த்து அமைக்கும் ஏடாகும். மேலைநாடுகளில் இப்பழக்கம் 19 ஆம் நூற்றாண்டில் இல்லந்தோறும் பரவியது. ஜேர்மனியில் பல நிறத்தில் அச்சாகி வந்த சிறு பூக்களும் பறவைகளும் தேவதை உருவங்களும் அக்காலத்துப் பெண்களும் பிள்ளைகளும் விரும்பிச் சேகரித்த பொருள்கள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவெயின் இவ்வேடுகளில் எவ்வளவு ஈடுபாடு கொண்டிருந்தார் எனின், பக்கங்களிலே முன்கூட்டிப் பசை பூசப்பட்ட ஏடொன்றைத் தாமே கண்டுபிடித்து, 1873 ஆம் ஆண்டில் அதற்கு அரசாங்கத்தின் காப்புரிமையும் பெற்றார். பசை பூசிய இடத்தை ஈரமாக்கித் துண்டை வைத்து அழுத்தினால் போதும். அவருடைய நூல்களைப் போலவே அந்த எழுத்தில்லாத நூலும் நன்றாக விலைபோயிற்று.

அக்காலத்து ஏடுகள் பல இன்று பழுப்பேறி, விரல் பட்டால் உதிரும் நிலையில் உள்ளன. காரணம் கடதாசியிலேயே இருக்கிறது. முற்காலத்துக் கடதாசி கந்தைத் துணியின் நாரிலிருந்து செய்யப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் மரக்கூழ்க் கடதாசி வந்தது. மரத்தில் இலிக்னின் என்னும் பொருள் உண்டு. ஒளியும் காற்றும் படப்பட அது மஞ்சளாகும். வெயிலிற் கிடந்த செய்தித்தாள் சில நாளில் நிறம் மாறுவது இதனாலேயே. மேலும், மை ஊறாதிருக்கும் பொருட்டுக் கடதாசியிற் குங்கிலியம் போன்ற பிசினையும் படிகாரத்தையும் சேர்க்கும் முறை 1807 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் அறிவிக்கப்பட்டுப் பின்னர் எங்கும் பரவியது. படிகாரம் காலப்போக்கில் அமிலத்தைத் தோற்றுவிக்கும். அமிலம் கடதாசியின் நார்களைத் துண்டு துண்டாக்கும். அமெரிக்காவில் வில்லியம் பரோ என்பவர் நூல்களை ஆராய்ந்து 1959 ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டபோது நூலகங்கள் திடுக்கிட்டன. இன்று அமிலமற்ற கடதாசி கிடைக்கின்றது. அதில் கல்சியம் காபனேற்றுச் சிறிதளவு சேர்ப்பர். அது பின்னாளில் உண்டாகும் அமிலத்தையும் அடக்கிவைக்கும். நீடித்து நிற்கும் கடதாசிக்கு 1994 ஆம் ஆண்டில் சர்வதேச நியமமும் வகுக்கப்பட்டது.

எனவே நினைவேட்டின் அடிப்பக்கங்களுக்கு அமிலமற்ற, ஓரளவு தடித்த தாளைத் தேர்தல் முதல் விதி. கறுப்பு மட்டைத்தாள் அழகாகத் தோன்றினும், அதன் சாயம் நீரிற் கசியுமோ என்று பார்த்தே வாங்குதல் வேண்டும். சிறு துண்டொன்றை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். இச்சோதனையை எல்லா வண்ணத்தாளுக்கும் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

இனி, வீட்டிலேயே செய்யத்தக்க வண்ணத்தாள்களுள் முதலிடம் பெறுவது பசைத்தாள் ஆகும். நிறம் கலந்த பசையைத் தாளிற் பூசி, அது உலருமுன் சீப்பாலோ விரலாலோ கோலமிடுவதே இம்முறை. ஐரோப்பாவின் நூல் கட்டுவோர் அட்டையை மூடவும், அட்டையின் உட்புறத்தில் ஒட்டவும் இதனைப் பயன்படுத்தினர். ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் வாழ்ந்த மொறாவியச் சபைப் பெண்கள் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த பசைத்தாள்கள் இன்றும் புகழ் பெற்றவை. 20 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் றோசமன்ட் லோறிங் அம்மையார் இக்கலையைத் தேடிக் கற்று, தாமும் செய்து, 1942 ஆம் ஆண்டில் வண்ணத்தாள்களைப் பற்றி நூலொன்றும் எழுதினார். அவர் சேகரித்த தாள்கள் ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்திற் பேணப்படுகின்றன.

இதற்கு வேண்டிய பொருள்கள் அடுக்களையிலேயே உள்ளன. சோளமா ஒரு பங்கை ஒரு பங்கு குளிர்ந்த தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ளல் வேண்டும். கால் கோப்பை மா ஒருவருக்குப் போதுமானது. அதனுடன் மேலும் நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, மெல்லிய நெருப்பில் வைத்து, இடைவிடாது கிளறுதல் வேண்டும். முதலிற் பால்போல இருக்கும் கரைசல் சற்று நேரத்திற் கண்ணாடித் தன்மை அடைந்து கஞ்சியாகத் தடிக்கும். அப்பொழுது இறக்கி, இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி ஆறவைத்தல் வேண்டும். ஆறும்போது மேலே ஆடை படியும். இடையிடையே கிளறினால் அது படியாது. பின் மெல்லிய துணியில் வடித்தெடுத்தால் பசை ஆயத்தம். கோதுமை மாவிலும் இவ்வாறே காய்ச்சலாம். அது சற்றுக் கரடான தோற்றத்தைத் தரும்.

பசையைச் சிறு கிண்ணங்களிற் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தைக் கலக்கவேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் நீர் வர்ணம் கலந்தால் தாள் உலர்ந்த பின்னும் ஈரம் பட்டதும் நிறம் விடும். அக்ரிலிக் வர்ணமோ உலர்ந்தபின் நீரிற் கரையாத மெல்லிய படையாகிவிடும். முன்னர்க் கண்ட திருமணப் படத்திற்கு நேர்ந்த கதி நேராதிருக்க வேண்டுமானால் அக்ரிலிக் வர்ணமே ஏற்றது.

தாளை நேரே பசையில் இடலாகாது. உலர்ந்த தாள் ஒருபுறம் மட்டும் நனைந்தால் சுருண்டுகொள்ளும். ஆதலால் தாளின் இருபுறத்தையும் ஈரப் பஞ்சினால் ஒற்றி, வழுவழுப்பான பலகையிலோ கண்ணாடியிலோ பரப்பி, உள்ளிருக்கும் காற்றை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிடல் வேண்டும். பின்னர் அகன்ற தூரிகையால் நிறப் பசையைச் சீராகப் பூசுதல் வேண்டும். முதலிற் கிடையாகவும் பின்னர் நெடுக்காகவும் பூசினால் பசை எங்கும் ஒரே கனமாகப் படியும்.

இப்பொழுதுதான் விளையாட்டுத் தொடங்குகிறது. மட்டைத் துண்டொன்றின் ஓரத்தைப் பல்பல்லாகக் கத்தரித்தால் அதுவே சீப்பாகும். அதனை நேராக இழுத்தால் கோடுகள். கையைச் சற்றே அசைத்து இழுத்தால் அலைகள். ஒன்றன்மேலொன்றாகக் குறுக்கே இழுத்தால் பாய் முடைந்தாற் போன்ற தோற்றம். பழைய தலைசீப்பு, முள்ளுக்கரண்டி, நூல் சுற்றிய கட்டை, வெட்டிய உருளைக்கிழங்கு ஆகிய யாவும் இங்கே கருவிகளே. கோலம் பிடிக்கவில்லையெனின், தூரிகையை ஒருமுறை மேலே ஓட்டினால் எல்லாம் அழிந்து பலகை மீண்டும் வெறுமையாகும், வேறொன்று தொடங்கலாம். பிழையை இவ்வளவு எளிதில் மன்னிக்கும் கைவினை வேறில்லை. இதனாலேயே சிறுவர்க்கும் முதியோர்க்கும் இது முதற்பாடமாகத் தகும்.

இன்னுமொரு வகை உண்டு. பசை பூசிய இரண்டு தாள்களை முகத்தோடு முகம் வைத்து, கையால் இலேசாகத் தடவி, ஒரு மூலையிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தால், இரண்டிலும் மரக்கிளை போலவும் கடற்பாசி போலவும் நரம்புகள் தாமே தோன்றும். இவ்வாறு செய்த தாளை ஓர் இரவு சமதரையில் உலரவிட்டு, பின்புறத்தில் மிதமான சூட்டில் அயன் தேய்த்து, பாரமான நூல்களுக்கிடையே வைத்தால் தட்டையாகிவிடும்.

அடுத்தது நீர்மேல் எழுதும் கலை. நிறத்தை நீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் தாளைப் படியவைத்து, மிதக்கும் கோலத்தை அப்படியே தாளில் எடுப்பது இம்முறை. யப்பானில் இதனைச் 'சுமிநகாஷி' என்பர்; மிதக்கும் மை என்பது அதன் பொருள். கியோத்தோ நகரின் நிஷி ஹொங்கன்ஜி ஆலயத்தில் உள்ள 12 ஆம் நூற்றாண்டின் கவிதைத் தொகுதியொன்றில் இத்தகைய தாள்கள் காணப்படுகின்றன.

அதன் செய்முறை எளியது. அதிலுள்ள அறிவியலும் இனியது. அகன்ற தட்டொன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி அசையாது வைக்கவேண்டும். இரண்டு தூரிகைகளில் ஒன்றைக் கறுப்பு மையிலும், மற்றொன்றைச் சவர்க்காரம் ஓரிரு துளி கலந்த தண்ணீரிலும் தோய்த்துக்கொள்ளல் வேண்டும். மைத் தூரிகையின் நுனி நீரின் முகத்தைத் தொட்டதும் மை வட்டமாகப் பரவும். அந்த வட்டத்தின் நடுவே மற்றத் தூரிகை தொட்டதும் மை விலகி வளையமாகும். சவர்க்காரம் தொட்ட இடத்தில் நீரின் மேற்பரப்பிழுவை குறைகிறது. சுற்றிலும் உள்ள நீர் வலுவாக இழுப்பதால் மை வெளியே தள்ளப்படுகிறது. இவ்வாறு மாறிமாறித் தொடத்தொட ஒன்றினுள் ஒன்றாக வளையங்கள் பெருகும். பின் மெல்ல ஊதினாலோ, ஒரு தலைமயிரால் கீறினாலோ வளையங்கள் மலைத்தொடர் போலவும் புகை போலவும் நெளியும். உறிஞ்சும் தன்மையுள்ள தாளை இரு எதிர் மூலைகளிற் பிடித்து, நடுப்பகுதி முதலில் நீரைத் தொடும்படி இறக்கவேண்டும். ஓரம் முதலிற் பட்டால் காற்று அடைபட்டு வெள்ளைப் பொட்டுகள் விழும். தாளை உடனே தூக்கி நீரிற் சிறிது அலசிக் கொடியில் உலர்த்தலாம்.

துருக்கியர் இக்கலையை வேறு வழியில் வளர்த்தனர். அவர்கள் வெறும் நீருக்குப் பதிலாகச் செடிப்பிசின் கலந்த தடித்த நீரையும், நிறம் பரவும் பொருட்டு மாட்டின் பித்தநீரையும் பயன்படுத்தி, நீரின்மேல் மலர்களையே வரைந்தனர். 'எப்ரு' எனப்படும் இக்கலையை 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. அது ஐரோப்பாவுக்குச் சென்றபோது நூலட்டைகளை அலங்கரித்தது. ஒரு தாளின் கோலம் மற்றொரு தாளுக்கு ஒருபோதும் வாராது என்பதால் பணத்தாளுக்கும் காவலாயிற்று: 1775 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றங்கள் வெளியிட்ட 20 டொலர்த் தாளின் ஓரத்தில் இத்தகைய கோலம் இருந்தது. கள்ளத்தாள் செய்வோரைத் தடுக்கும் பொருட்டு அந்தத் தாளைத் தேடிக்கொடுத்தவர் பெஞ்சமின் பிராங்ளின்.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எப்ரு முறையில் நிறம் தாளைப் பற்றும் பொருட்டுத் தாளுக்கு முன்னரே படிகார நீர் பூசுவதுண்டு. கடதாசியை அழிக்கும் அமிலத்திற்கு வித்து அதே படிகாரமே என்பது மேலே கூறப்பட்டது. ஆகவே இத்தகைய தாள் எவ்வளவு அழகாயினும் புகைப்படத்தைத் தொடலாகாது. சவரம் செய்யும் நுரையைத் தட்டிற் பரப்பி, அதன்மேல் நிறம் சிந்தி, ஈர்க்கால் கலைத்து, தாளை அழுத்தி எடுக்கும் இக்காலத்து விளையாட்டு முறைக்கும் இதுவே விதி. நுரையிலுள்ள வாசனைப் பொருளும் சவர்க்காரமும் தாளிலே தங்கிவிடுகின்றன.

மூன்றாவது முறை மடித்துத் தோய்த்தல். உறிஞ்சும் மெல்லிய தாளை விசிறிபோல மடித்து, அந்தப் பட்டியை மீண்டும் முக்கோணமாக மடித்து, மூன்று முனைகளையும் வெவ்வேறு சாயத்தில் நொடிப்பொழுது தொட்டு எடுத்து விரித்தால், தாள் முழுதும் ஒரே ஒழுங்கில் மலர்க்கோலம் படரும். பிள்ளைகள் இதனைக் கண்டு ஆர்ப்பரிப்பர். ஆனால் உணவுக்கு இடும் சாயமும் எழுதும் மையும் வெளிச்சத்தில் மங்குவன, ஈரத்திற் கசிவன. இத்தாளை ஏட்டின் அட்டைக்கும் கடித உறைக்கும் பாவித்தல் நன்று. இலையின் நரம்புப்புறம் மேலாக வைத்து, மெல்லிய தாளை அதன்மேல் இட்டு, மெழுகு வர்ணத்தால் தேய்க்கும் முறையும் பிள்ளைகளுக்கு ஏற்றதே. வீட்டு முற்றத்து மாவிலையும் பூவரசிலையும் ஏட்டிற் பதிந்தால், அவை நிற்கும் முற்றமும் உடன் பதிந்ததாகும்.

இனிக் கத்தரிக்கோலின் கலை. டென்மார்க்கின் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன், பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே மடித்த கடதாசியை வெட்டுவார்; கதை முடியும்போது தாளை விரித்தால் நடனமாதரும் அன்னங்களும் மாளிகைகளும் தோன்றும். நண்பருடன் சேர்ந்து அவர் சிறு பிள்ளைகளுக்குப் படத்துண்டுகளும் வெட்டுருவங்களும் ஒட்டிய ஏடுகளையும் செய்து கொடுத்தார். அத்தகைய வெட்டுருவங்கள் பல அவர் பிறந்த ஓடென்சே நகரில் பேணப்படுகின்றன.

அவருக்கும் முன்னே இங்கிலாந்தில் வாழ்ந்தவர் மேரி டெலானி அம்மையார். 1772 ஆம் ஆண்டில், தம் 72 ஆம் வயதில், சிவப்புக் கடதாசித் துண்டொன்று மலரிதழின் நிறத்தை ஒத்திருக்கக் கண்டு, அதனைக் கத்தரித்துக் கறுப்புத் தாளில் ஒட்டினார். அதன்பின் பத்து ஆண்டுகள், கண்பார்வை மங்கும்வரை, ஏறத்தாழ ஆயிரம் மலர்களைக் கடதாசியால் ஆக்கினார். சில மலர்களில் நூற்றுக்கணக்கான நுண்ணிய துண்டுகள் உள்ளன. அவை இன்று இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. அம்மையார் கையாண்ட பொருள்கள் கடதாசி, நிறம், பசை, கத்தரிக்கோல் என்பனவே.

இலங்கையில் இக்கைவன்மைக்குப் பஞ்சமில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் கட்டுவோரும், வெசாக் கூடுகளுக்கு மெல்லிய தாள் ஒட்டுவோரும், கோயில் விழாக்களிற் கடதாசிச் சோடனை செய்வோரும் கடதாசியின் குணத்தைக் கையாலறிந்தவர்கள். தாள் எந்தப் பக்கமாக மடித்தால் இலகுவில் வளையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆலையிற் செய்த ஒவ்வொரு தாளுக்கும் இழையோட்டம் உண்டு. இழை ஓடும் திசையில் தாள் நேராகக் கிழியும், எளிதில் வளையும். நனைந்தால் இழைக்குக் குறுக்காக விரியும். நினைவேட்டின் பக்கங்களில் இழையோட்டம் ஏட்டின் முதுகுக்கு இணையாக இருந்தால் பக்கம் இலகுவாகப் புரளும். பசை பட்டாலும் அவ்வளவு கோணாது.

வண்ணத்தாள் ஆயத்தமான பின் அதனைப் பக்கத்தில் அமைக்கும் முறை யாது? படமே அரசு, அலங்காரம் பரிவாரம். பரிவாரம் அரசை மறைக்கலாகாது. ஒரு பக்கத்திற்கு ஒரு வண்ணத்தாள் போதும். மற்றவை வெறும் தாளாக இருந்தாற்றான் கண் இளைப்பாறும். வண்ணத்தாளைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டி, அதன்மேல் அமிலமற்ற வெள்ளைத் தாளொன்றைச் சிறிது உள்ளடங்கலாக ஒட்டி, அதன்மேலேயே படத்தை வைத்தல் வேண்டும். இந்த வெள்ளைத்தாள் கண்ணுக்குப் படத்தின் கரையாகத் தோன்றும். உண்மையில் அது படத்துக்கும் நிறத்துக்கும் இடையே நிற்கும் காவலாள்.

படத்தை ஒட்டவே கூடாது. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒட்டிய படத்தைப் பின்னர் பிரித்தெடுக்க முடியாது. அதன் பின்புறத்தில் உள்ள எழுத்தும் மறைந்துபோகும். 1970 களில் பெரிதும் விற்பனையான, பசைக்கோடுகளும் மேலே பிளாஸ்டிக் விரிப்பும் உள்ள ஏடுகள் எத்தனையோ குடும்பப் படங்களைக் கெடுத்தன. அதற்கு மாற்றாக முக்கோண மூலைகளைச் செய்துகொள்ளலாம். இரண்டு சென்ரிமீற்றர் அகலமுள்ள நல்ல தாட்பட்டி ஒன்றின் இரு நுனிகளையும் நடுவில் சந்திக்குமாறு சரித்து மடித்தால் சிறு பை உண்டாகும். அதனைப் படத்தின் மூலையில் மாட்டி, பையின் அடிப்புறத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டவேண்டும். நான்கு மூலைகளும் இவ்வாறு அமைந்தால் படம் அசையாது நிற்கும். வேண்டியபோது கழற்றவும் முடியும்.

புகைப்படத்தின் முகத்தில் ஜெலற்றின் என்னும் படை உண்டு. ஈரக் காற்றில் அது இளகி எதிர்ப்பட்டதைப் பற்றிக்கொள்ளும். ஆதலாற்றான் எதிரெதிர்ப் பக்கத்துப் படங்கள் ஒட்டிக்கொண்டன. பக்கங்களுக்கிடையே மெல்லிய அமிலமற்ற தாளொன்றை இட்டால் இந்தத் துன்பமில்லை. இடையிடையே தாள் சேர்வதால் ஏடு வாய் பிளந்து நிற்கும். முதுகோரத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விரலகல மட்டைப்பட்டியைச் சேர்த்துத் தைத்தால் அதுவும் சீராகும்.

பத்திரிகைத் துண்டு, கடைப் பற்றுச்சீட்டு ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். செய்தித்தாளின் அமிலம் அயலிலுள்ள தாளையும் பழுக்கச் செய்யும். இக்காலத்துப் பற்றுச்சீட்டுகள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாவன. சில ஆண்டுகளில் அவற்றின் எழுத்து மறைந்துவிடும். இவற்றை நல்ல தாளிற் பிரதி எடுத்து, பிரதியை ஒட்டுதலே அறிவுடைமை.

வெப்பநாட்டு வீடுகளில் ஏட்டுக்கு வேறு பகைவரும் உண்டு. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65 க்கு மேல் நீடித்து நின்றால் பூஞ்சணம் முளைக்கும். மாப்பசையை இராமபாணப் பூச்சி விரும்பி அரிக்கும். முன்னாளில் நூல் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது பூச்சியைத் தடுத்தாலும் நஞ்சாகும். கடதாசிக்கும் கேடு செய்யும். பிள்ளைகள் கையாளும் பசையில் அதனைச் சேர்த்தலாகாது. பசையை மெல்லிதாகப் பூசுவதும், நன்றாக உலர்ந்த பின்னரே ஏட்டை மூடுவதும், வெளிச்சுவரைத் தொடாத, காற்றோட்டமுள்ள தட்டில் வைப்பதும், மாதம் ஒருமுறை விரித்துப் பார்ப்பதும் போதிய காப்பாகும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவைத்தால் உள்ளே ஈரம் அடைபட்டு எதிர்விளைவே உண்டாகும். அடிக்கடி பார்க்கப்படும் ஏட்டிற் பூச்சி குடியேறாது. பார்க்கப்படாத ஏட்டிலேயே அது குடும்பம் நடத்தும்.

கைத்தொலைபேசியிலே ஆயிரம் படங்கள் உள்ள இக்காலத்தில் இத்தனை சிரமம் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். அந்தக் கருவி தொலைந்தாலோ பழுதானாலோ அந்த ஆயிரமும் ஒரே நாளில் மறையும். அதே வேளை, ஏடும் அழியக்கூடியதே. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கரையோரங்களைக் கடல் மூடியபோதும், எத்தனையோ வீடுகளின் படங்கள் வீட்டோடு போயின. மறைந்த ஒருவரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆகவே இரண்டும் வேண்டும். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, வேறூரில் அல்லது வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பிவைத்தால், ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் வாழும்.

எல்லாவற்றினும் இலகுவானதும், பெரும்பாலோர் மறப்பதுமான அலங்காரம் ஒன்றுண்டு. அது பெயர். மேரி டெலானி தம் கடதாசி மலர்களுடன் செடியின் பெயரையும், நாளையும், அதனைக் கண்ட இடத்தையும், தந்தவர் பெயரையும் குறித்துவைத்தார். அதனால், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மலர் எந்தத் தோட்டத்தில் எப்போது பூத்தது என்று அறியமுடிகிறது. நினைவேட்டிலும் படத்தின் அடியில் யார், எங்கே, எந்த ஆண்டு என்ற மூன்றையும் எழுதுதல் வேண்டும். பழைய படமாயின் பின்புறத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். குமிழ்முனைப் பேனா தாளைத் துளைத்து முன்புறத்திலும் தழும்பு விடும். பென்சில் பிடிக்காத வழுவழுப்பான படமாயின் பக்கத்தாளிலேயே எழுதுதல் நன்று.

இதனை நாளைக்கு என்று ஒத்திவைத்தலாகாது. படத்திலுள்ளவரை அறிந்த பாட்டியோ பெரியப்பாவோ இன்று வீட்டிலிருப்பின், பசை காய்ச்சும் மாலையில் அவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளலாம். பிள்ளைகள் சீப்பால் கோலமிட, அவர் ஒவ்வொரு முகத்தையும் காட்டிப் பெயர் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்ளலாம். தாள் உலர்வதற்குள் ஒரு தலைமுறையின் கதை ஏட்டில் ஏறிவிடும். பின்னொரு நாள் அந்த ஏட்டை விரிக்கும் பிள்ளை, "இவர் யார்?" என்று கேட்கும்போது, கேள்விக்கு விடை கீழேயே எழுதப்பட்டிருக்கும்.